கடைசிக் குமிழி

குடுவைக்குள் இருக்க வேண்டிய திரவம் கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டபோது தம்பிக்கு முதலில் வந்தது பயமல்ல. "அடேயப்பா, என்ன உயரம்!" என்கிற வியப்புதான். பயம் பிறகு சாவகாசமாக வந்தது. வந்து, கால் நீட்டி, நன்றாக உட்கார்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். எந்தத் திரவத்தைக் காய்ச்சுவதானாலும் சூடேற்றும் முன்பே குடுவைக்குள் இரண்டு பீங்கான் சில்லு போட வேண்டும். சில்லின் நுண்ணிய துளைகளிலிருந்து குமிழிகள் கிளம்பும், திரவம் மரியாதையாகக் கொதிக்கும். சில்லு இல்லாவிட்டால் சில திரவங்கள் கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டிய பிறகும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி அசையாமல் இருக்கும். உள்ளே மட்டும் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்த நேரம் பார்த்து யாராவது சில்லைப் போட்டால் அவ்வளவுதான், மொத்தமும் ஒரே மூச்சில் பொங்கி வெளியே பாயும்.

தம்பி இதை அறியாதவன் அல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைக் கை காலை ஆட்டி நடித்தே காட்டுவான். கடைசியில் "பூம்!" என்று ஒரு குதி வேறு.

இன்று காலை சில்லு போட மறந்தான். அதுகூடப் பெரிய குற்றமில்லை. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, அப்புறம் போட்டிருக்கலாம். ஆனால் ஆறும்வரை காத்திருப்பது அவன் ரத்தத்திலேயே கிடையாது. காப்பியைக்கூட ஆற்றாமல் குடிக்கிறவன் அவன். மேட்டில் இருக்கிற ஊர் என்பதால் அங்கே தண்ணீர் முழுச் சூடு ஏறுவதற்கு முன்பே கொதித்துவிடும். காப்பி நாக்கைச் சுடவில்லை என்று வெளியூர்க்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அவசரக்காரனுக்கு ஏற்ற ஊர்.

தெர்மாமீட்டர் நூற்றைம்பத்தைந்தைத் தொட்டது. திரவம் அசையவில்லை. "என்னம்மா, வெட்கமா?" என்று கேட்டபடி பக்கவாட்டு மூடியைத் திறந்து, இரண்டு சில்லை உள்ளே போட்டான்.

பூம்.

காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தான். கதவையும் பாதி இறக்கியிருந்தான். அதனால் முகம் தப்பியது, கையுறை கையைக் காப்பாற்றியது. திரவத்தைக் காப்பாற்றத்தான் ஒன்றுமில்லை. பாதி கூண்டின் கூரையில், பாதி பலகையில். குடுவையின் அடியில் இரண்டு சில்லுகள் மட்டும் ஈரமாக, எங்களைக் கேட்காதே என்பதுபோலக் கிடந்தன.

அது சாதாரணத் திரவமாக இருந்திருந்தால் துடைத்துவிட்டு விசில் அடித்திருப்பான். அது அக்காவின் திரவம்.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவியும் அவள்தான். ஊருக்கெல்லாம் மேடம். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் அவனுக்கும் மேடம்தான், "நீங்க, வாங்க" தான். ஆனால் அவன் அவளுடைய தம்பி என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவன் தம்பி ஆகிவிட்டான். முன் வழுக்கை விழுந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதிலும் தம்பிதான். வாசல் காவலாளிக்கு மீசை இப்போதுதான் முளைக்கிறது. அவனும் "வாங்க தம்பி" என்பான்.

இரும்பிலிருந்து பழைய பெயின்ட்டைக் கரைத்தெடுக்க ஒரு புதுத் திரவம் செய்துகொண்டிருந்தாள் அக்கா. இப்போது கடைகளில் இருப்பதெல்லாம் சட்டென்று ஆவியாகி, வேலை செய்கிறவர்களின் நெஞ்சுக்குள் போய் உட்காருகிற சரக்கு. இது அப்படி ஆவியாகக் கூடாது. அதற்குக் கொதிநிலை நூற்றைம்பதுக்கு மேலே இருந்தாக வேண்டும். இரண்டு வருட உழைப்பில் சுத்தமாகக் கிடைத்தது ஒரு சின்னக் குடுவை அளவு. இன்று மதியம் மேலிடத்துக்காரர்கள் கணினித் திரையில் பேச வருவார்கள். அவர்கள் கேட்கப்போவது ஒரே ஓர் எண். நூற்றைம்பதுக்கு மேல் என்றால் வேலை தொடரும். கீழே என்றால், அல்லது எண்ணே இல்லை என்றால், கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த எண்ணைத்தான் தம்பி கூரைக்கு அனுப்பியிருந்தான்.

"என்ன சத்தம்?" என்று கேட்டபடி சந்தேகம் உள்ளே வந்தாள்.

சந்தேகம் என்பது அங்கே கூட வேலை செய்கிறவளின் பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் "நிச்சயமா?" என்பாள். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் "இன்னைக்கா? நிச்சயமா?" என்று கேட்டவள். அளவெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"சின்னதா ஒரு பூம்," என்றான் தம்பி.

அவள் கூரையைப் பார்த்தாள். குடுவையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "மேடமோடதா?"

"ம்."

"மொத்தமுமா? நிச்சயமா?"

"வேணும்னா நாக்கால தொட்டுப் பாருங்க."

"என் கண்ணாடி எங்க?" என்றாள் திடீரென்று. காலையில் அதைக் கழற்றிக் கூண்டின் ஓரப் பலகையில் வைத்திருந்தாள். பிளாஸ்டிக் கண்ணாடி. இப்போது அதன் இரண்டு வில்லைகளும் பால் ஊற்றியதுபோல வெளுத்து, சட்டம் நடுவில் நெளிந்து, தெருவில் யாரோ ஏறி மிதித்த நத்தை மாதிரி கிடந்தது.

தம்பி அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான்.

"சரக்கு நல்லா வேலை செய்யுது," என்றான் தம்பி.

"தம்பி, சிரிப்பு மூட்டாதீங்க. எனக்கு இப்ப உங்க முகமே சரியாத் தெரியல."

"அது ஒண்ணுதான் இன்னைக்கு எனக்கு நடந்த நல்லது." குரலைத் தணித்தான். "ஏங்க, தெர்மாமீட்டர் நூத்தம்பத்தஞ்சு காட்டுச்சு. நான் பார்த்தேன். அதையே சொல்லிட்டா என்ன?"

"அப்ப கொதிச்சுதா?"

"கொதிக்கல. குதிச்சுது."

"அப்ப அது கொதிநிலை இல்ல தம்பி, உங்க அவசரநிலை."

எதிராளி சிரிப்பு மூட்டுவது தம்பிக்கு எப்போதும் பிடிக்காது. அது அவன் பிழைப்பில் கை வைப்பது போல.

அப்போதுதான் வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் எப்போதும் வேகமாக நடப்பவள். வந்தாள், கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தாள், நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தம்பிக்கு உயிர் வந்திருக்கும். பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம்," என்றான் தம்பி. "சில்லு... நான்தான்... சூடா இருக்கும்போது..."

"தெரியுது."

அம்மா அழுததால்தான் அக்கா தன்னை இங்கே சேர்த்தாள் என்று அவனுக்கு நெடுநாள் உறுத்தல். அம்மா அழுவதில் தேர்ந்தவர். வெங்காயம் நறுக்கும்போது மட்டும்தான் அழமாட்டார். "என் மூளைக்கா எடுத்தே, அம்மா கண்ணீருக்கா?" என்று எத்தனையோ முறை அக்காவிடம் கேட்டிருக்கிறான், பாதி விளையாட்டாக, பாதி வேறு மாதிரி. "பிப்பெட் எல்லாம் கழுவியாச்சா?" என்பதுதான் ஒவ்வொரு முறையும் அவள் பதில். இன்றைக்குக் கூரையே பதில் சொல்லிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

சந்தேகம் தட்டுத் தடுமாறிக் கூண்டுக்குள் கைவிட்டாள். "நான் இதெல்லாம் எடுத்துக் கழுவிப் போடறேன்."

"கழுவாதீங்க!"

தம்பி போட்ட கத்தலில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

குடுவைக்கு மேலே செங்குத்தாக நின்ற, ஆவியை ஆறவைக்கும் குளிர்குழாயை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பொங்கியது பக்க வாயால் மட்டுமா போயிருக்கும்? மேலேயும் ஏறியிருக்கும். ஏறியது குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். இத்தனை காலமாகக் கழுவிக் கழுவி அலுத்தவனுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: இந்தக் குழாயின் வளைவுகளுக்குள் ஒட்டிக்கொண்ட திரவம் எவ்வளவு உதறினாலும் முழுசாக வெளியே வராது. அந்தக் குழாயை அவன் திட்டாத திட்டில்லை.

"வாடி என் ராசாத்தி," என்று இப்போது அதையே கொஞ்சினான். அடியில் ஒரு சின்னச் சோதனைக் குழாயைப் பிடித்தான். ஒன்றும் வரவில்லை. விரலால் மெதுவாகத் தட்டினான். வளைவிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, யோசித்து, விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு தேக்கரண்டிகூடத் தேறவில்லை. ஆனால் சுத்தமான, கண்ணாடி போன்ற திரவம்.

அக்கா எழுந்துவிட்டாள். "மெல்லிசுக் குழல் வச்சுப் பார்ப்போம். அதுக்குச் சில சொட்டு போதும்."

அறை ஒரேயடியாகச் சுறுசுறுப்பானது. விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் நாலைந்து சொட்டு. அதற்குள், மேல்முனை அடைத்த, தலைமுடியைவிடக் கொஞ்சம் பருத்த ஒரு குழல், வாய் கீழ்நோக்கி. இரண்டையும் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டி, எண்ணெய் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் இறக்கினால் வேலை தொடங்கும். இப்படி அளப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. சூடு ஏறும்போது குழலின் வாயிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். பார்க்கிறவன் கொதித்துவிட்டது என்று துள்ளுவான். அப்போது எண்ணைப் படிக்கக் கூடாது. அடுப்பை அணைக்க வேண்டும். சூடு இறங்கும், குமிழி குறையும், கடைசிக் குமிழி கிளம்பலாமா வேண்டாமா என்று நின்று, திரவம் குழலுக்குள் நுழையும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதுதான் கொதிநிலை. ஆரவாரமெல்லாம் அடங்குகிற வரை காத்திருக்க வேண்டும். தம்பிக்கென்றே யாரோ யோசித்துக் கண்டுபிடித்த தண்டனை.

"ரெண்டாவது கண்ணு?" என்றாள் சந்தேகம்.

அது அந்த ஆய்வுக்கூடத்துக்கே உரிய சட்டம், அக்கா போட்டது. முக்கியமான எந்த எண்ணையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் படித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. அவரவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கையை மூடி, பிறகு ஒன்றாகத் திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது எண், இல்லாவிட்டால் வதந்தி. முதல் கண் எப்போதும் அக்கா. இரண்டாவது கண் எப்போதும் சந்தேகம். தம்பியின் உள்ளங்கையில் இதுவரை மை பட்டதில்லை.

சந்தேகம் நெளிந்துபோன கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு அந்தக் கோடு தெரியாது மேடம். தெர்மாமீட்டரே தெரியுதா இல்லையான்னு இருக்கு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனாவை வாங்கினான். "மேடம், நானா?"

"வேற யாராவது இருக்காங்களா இங்க?"

எண்ணெய் சூடேறியது. தம்பி ஒரு பக்கம், அக்கா எதிர்ப் பக்கம், நடுவில் கண்ணாடிப் பாத்திரம். முதலில் ஒன்றிரண்டு குமிழி, சோம்பலாக. பிறகு வேகம் பிடித்தது. திடீரென்று குழலின் வாயிலிருந்து மணிமாலை கோத்ததுபோல ஒரே ஓட்டமாகக் கொட்டத் தொடங்கியது.

"கொதிக்குது! கொதிக்குது மேடம்! பாருங்க, பாருங்க!" தம்பி குதித்த குதியில் மேசை ஆடியது. மேசை ஆடியதில் குழாய் சரிந்தது. எண்ணெய் ஒரு மிடறு அதற்குள் புகுந்தது.

போயிற்று.

"தம்பி," என்றாள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அந்தச் சொல் பாதிதான் வெளியே வந்தது.

"இன்னும் இருக்கு! இன்னும் சொட்டு இருக்கு!" மிச்சத்தை இன்னொரு குழாய்க்கு மாற்றினான். அவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை. குளிர்குழாயை எவ்வளவு கொஞ்சினாலும் வராது.

"உட்காரு," என்றாள் அக்கா. "வாயை மூடு. காலை முக்காலிக்குள்ள கோத்துக்கோ."

கோத்துக்கொண்டான். எண்ணெய் ஆறிய பிறகு மறுபடி தொடங்கினார்கள்.

குமிழி வந்தது. மணிமாலை ஓடியது. தம்பியின் தொண்டைக்குள் ஒரு கூச்சல் ஏறி வந்து, உதட்டில் முட்டி, திரும்பிப் போனது. அக்கா அடுப்பை அணைத்தாள். மாலை தளர்ந்தது. குமிழிகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. தம்பி இமைக்கவில்லை. ஒரு கண் குழலில், ஒரு கண் பாதரசத்தில். மாறுகண் வந்துவிடுமோ என்று ஒரு நினைப்பு ஓடியது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழலின் வாயில் ஒரு குமிழி வந்து நின்றது. கிளம்பவில்லை. உள்ளேயும் போகவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே பேசுகிற விருந்தாளி மாதிரி நின்றுகொண்டே இருந்தது. அவன் வாழ்நாளில் எதற்கும் இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததில்லை, கல்யாணத்துக்குக்கூட.

குமிழி சுருங்கியது. திரவம் மெல்லக் குழலுக்குள் ஏறியது.

இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், குனிந்தார்கள், எழுதினார்கள், கையை மூடினார்கள்.

தம்பியின் முகம் செத்துப்போயிருந்தது. "மேடம்... நான் சரியாத்தான் பார்த்தேன். ஆனா..."

"சொல்லாதே. திற."

திறந்தார்கள். அவன் கையில் நூற்று நாற்பத்தெட்டு. அவள் கையிலும் நூற்று நாற்பத்தெட்டு.

சந்தேகம் இரண்டு கைகளையும் மூக்குக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துப் படித்தாள்.

"நூத்தம்பதுக்குக் கீழே," என்றான் தம்பி. கண் கலங்கிவிட்டது; அம்மாவின் பிள்ளை இல்லையா. "எல்லாம் போச்சு அக்கா. நான் கூரைக்கு அனுப்பாம இருந்திருந்தாலும் போச்சு." வாசற்படிக்குள் அவளை அக்கா என்று கூப்பிட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க.

"டேய், நம்ம ஊர்ல தண்ணி எத்தனைல கொதிக்கும்?"

"தொண்ணூத்தேழுல. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேட்டு ஊரு, காத்தழுத்தம் கம்மி, அதனால சீக்கிரமாவே..." நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது. "சீக்கிரமாவே... அக்கா! இதுவும் சீக்கிரமாவே கொதிச்சிருக்கு!"

"மேலிடத்துக்காரன் கேட்கிறது கடல்மட்டத்துக் கணக்குடா, முட்டாளே!"

சந்தேகம் அதற்குள் சுவரிலிருந்த காற்றழுத்தமானியில் மூக்கை ஒட்டவைத்து எண்ணைப் படித்துவிட்டாள். தாளில் கணக்கு ஓடியது. தம்பி முக்காலியிலிருந்து காலை உருவ முடியாமல் முக்காலியோடேயே எழுந்து நின்றான்.

"நாலு டிகிரி கூட்டணும். நூத்தம்பத்திரண்டு," என்றாள் சந்தேகம்.

"நிச்சயமா?" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அவள் கணக்கை மேலிருந்து கீழே இன்னொரு முறை பார்த்தாள். "நிச்சயம்."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேள்விக்குறி இல்லாமல் அங்கே யாரும் கேட்டதே இல்லை. தம்பி முக்காலியோடு ஆடிய ஆட்டத்தைப் பார்க்கக் காவலாளி மாடியேறி வந்தான். "என்ன தம்பி ஆச்சு?" "கொதிச்சிருச்சுடா!" "எது?" "உலகத்துல இதுவரைக்கும் யாருமே கொதிக்க வைக்காதது!" காவலாளி கூரையைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் இறங்கிப் போனான்.

மதியம் திரையில் வந்தவர்கள் எண்ணைக் கேட்டார்கள். "படிச்சது யார் யார்?" என்று ஒருவர் கேட்டார். அக்கா தன் உள்ளங்கையைக் காட்டினாள். பக்கத்திலிருந்த தம்பியின் கையையும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். வேலை தொடரட்டும் என்றார்கள். திரை அணைந்தது. சந்தேகம் புதுக் கண்ணாடி வாங்கக் கிளம்பினாள், காவலாளி கையைப் பிடித்துக்கொண்டு.

தம்பி ஏணி போட்டுக் கூண்டின் கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தாள்.

"அக்கா."

"ம்?"

"என்னை எதுக்கு இங்க எடுத்தே? மூளைக்கா, அம்மா அழுததுக்கா?" துடைப்பதை நிறுத்தாமல்தான் கேட்டான். "பிப்பெட்டெல்லாம் கழுவியாச்சு. அதைக் கேட்காதே."

அக்கா ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். அவளுடைய உள்ளங்கையில் எண் இன்னும் அழியாமல் இருந்தது.

"அம்மா அழுததுக்குத்தான்டா. வேற ஒரு காரணமும் இல்ல."

துணி கூரையிலேயே நின்றது.

"போன வருஷம் மறுபடியும் வந்து அழுதாங்க," என்றாள் அக்கா. "'அவனை எல்லாரும் தம்பி தம்பின்னு கேலி பண்றாங்களாம், பாவம், வேற எங்கயாவது அனுப்பிவிடு'ன்னு. ரெண்டு கைக்குட்டை நனைஞ்சுது. நான் அனுப்பல. இனிமேலும் அம்மா எவ்வளவு அழுதாலும் அனுப்ப மாட்டேன்."